சுப்பராயலு சாரின் ஒற்றைக்கால் மயில்

மழை விட்ட மறுநாள் காலையில் சுப்பராயலு சார் குனிந்த தலை நிமிராமல்தான் நடப்பார். ஆரணி பஸ் ஸ்டாண்டில் கண்ணமங்கலம் வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து பெண்கள் பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் அவர் கண் சாக்கடை ஓரத்திலேயே மேயும். காற்றில் மடங்கிப்போய் யாரோ எறிந்த குடை ஒன்று கிடைத்துவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். துணியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கம்பிகளை மட்டும் கட்டாகக் கட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். குடைக்கம்பியின் உட்பக்கம் வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கும். அதை விரல் நீளத்துக்கு வெட்டி, நுனியைக் கல்லில் தேய்த்து, ஒரு கட்டைத் துண்டில் செருகினால் மரம் செதுக்கும் உளி தயார். ஒரு குடைக்கு எட்டுக் கம்பி. எட்டுப் பெண்களுக்கு உளி.

"இன்னா சார், குடை ரிப்பேர் கடை வெக்கப் போறீங்களா?" என்று கேட்பேன்.

"இல்ல ஆயா. உளி வேணும்னு பத்து வருசமா எழுதிப் போட்டுகினு கீறேன், குடுக்கல. மழை குடுக்குது."

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் டிராயிங் மாஸ்டர். நான் அங்கே இருபத்திரண்டு வருஷம் சத்துணவு சமைத்தவள். டிராயிங் ரூம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. அரிசி மூட்டை அடுக்கியிருந்த பழைய ஸ்டோர் ரூமில் பாதியை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதற்கும் என் சமையல் கொட்டகைக்கும் நடுவில் கதவில்லாத ஒரு ஜன்னல். அவர் நடத்திய பாடம் எல்லாம் என் அடுப்படியில் கேட்கும், என் தாளிப்பு வாசம் எல்லாம் அவர் வகுப்புக்குப் போகும். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியும். தினமும் எத்தனை தலை, எத்தனை படி என்று பார்த்து உலை வைத்தவள் நான். ஆகையால் இதில் வரும் எண்ணிக்கை எதையும் யாரும் திருத்த வேண்டாம்.

சாருக்கு ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து. சட்டை வெளுத்து வந்த அன்று மட்டும் வெள்ளை. நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸில் டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் மையைச் சுரண்டி வாங்கி வருவார். அதைத் தொட்ட கை மூன்று நாளைக்குத் தேறாது. அதனால் மத்தியானச் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். பெண்கள் அவருக்கு வைத்த பெயர் மை சார். வலது காதின் மேல் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதை மட்டும் யாருக்கும் தரமாட்டார். ஒருமுறை ஹெட்மிஸ்ட்ரஸ் அபிதகுசாம்பாள் அம்மா ஏதோ குறிப்பதற்கு அதைக் கேட்டு கையை நீட்டினார். சார் பத்து நிமிஷம் அலைந்து வேறு வகுப்பிலிருந்து பேனா வாங்கி வந்து கொடுத்தார். பென்சில் காதிலேயே இருந்தது.

என் காய்கறிக்கு அவரைப்போல ஒரு பகை கிடையாது. "ஆயா, வெண்டக்கா காம்பத் தூக்கிப் போட்றாதீங்க" என்று ஜன்னல் வழியாகக் கை நீட்டுவார். காம்பை மையில் தொட்டுக் காகிதத்தில் ஒற்றினால் ஐந்து இதழ் பூ விழும். ஒருநாள் நான் தண்ணீருக்குப் போன நேரத்தில் இரண்டு கிலோ உருளைக்கிழங்கை எடுத்துப்போய் பெண்களுக்கு ஆளுக்குப் பாதி கொடுத்து நட்சத்திரம் செதுக்க வைத்துவிட்டார். நான் சண்டை போட்டு வாங்கி, கழுவி, சாம்பாரில் போட்டேன். அன்றைக்குச் சாம்பார் கொஞ்சம் நீலமாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பொய். நன்றாகத்தான் கழுவினேன்.

டிராயிங் வகுப்பு வாரத்துக்கு ஒன்று. அதிலும் பாதி நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து நிற்பார். "சார், இந்த பீரியடுக்குக் கணக்கு டீச்சர் போறாங்க. நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்க."

"பதினஞ்சு வருசமா அதான்மா எடுத்துகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து கம்பி தேய்ப்பார்.

வகுப்பு கிடைத்த நாளில் அவரைப் பார்க்க வேண்டும். ஆள் ஒரு அடி உயர்ந்துவிடுவார். "மொதல்ல படம் எங்க இருந்துச்சி? ராஜா அரமனைல. கோயில் சொவுத்துல. பாக்கணும்னா நீதான் போவணும். சீனாக்காரன் இன்னா பண்ணான்? பலகைல செதுக்கி, மை தடவி, காகிதத்த மேல போட்டு அமுக்குனான். அன்னிலேர்ந்து படம் உன்னத் தேடிகினு வூட்டுக்கு வருது." தரங்கம்பாடிக்கு வெள்ளைக்காரப் பாதிரிகளுக்குக் கப்பலில் அச்சுப்பெட்டி வந்த கதையைச் சொல்வார். கல்லின்மேல் வரைந்து சாமி படம் அடித்து, அது காலண்டராகி, ஆணி அடித்த இடமெல்லாம் லட்சுமியும் முருகனும் வந்து நின்ற கதையைச் சொல்வார். முடிக்கும்போது எப்போதும் ஒரே வார்த்தை: "படம் நடந்து போவணும்மா. ஒரே எடத்துல குந்திகினு இருந்தா அது இன்னாத்துக்கு?"

முறைகள் நாலு. அதைப் பெண்கள் வாய்ப்பாடு போல் ஒப்பிக்க வேண்டும். மேடு, பள்ளம், சமம், ஓட்டை. மேடு என்றால் தாலுகா ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு. மேலே நிற்பதில் மை ஒட்டும். பள்ளம் என்றால் பாத்திரத்தில் பேர் வெட்டுவது. குழியில் மை தங்கும். சமம் என்றால் கல். எண்ணெய்க் கோட்டில் மை பிடிக்கும், ஈரத்தில் பிடிக்காது. ஓட்டை என்றால் வாசலில் வைத்து மாவு தட்டும் கோலத்தகடு. கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். அப்பளம் பொரிக்கும்போதுகூட மேடு, பள்ளம் என்றுதான் வாயில் வரும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒன்பதாம் வகுப்பில் லாவண்யா என்று ஒரு பெண். பட்டு நெசவுக்காரர் தனசேகரனின் மகள். ஓட்டை பாடம் நடக்கும்போது எழுந்து, "சார், எங்கூட்டு தறி அட்டையிலயும் ஓட்டை கீது சார்" என்றாள். தறியின் தலைமேல் மாலை மாதிரி தொங்குமே, அந்த டிசைன் அட்டை. எந்த ஓட்டைக்கு எந்த நூல் தூக்க வேண்டும் என்று அதுதான் தறிக்குச் சொல்லும்.

சார் துள்ளிவிட்டார். "சபாஷ்! அதுவும் அச்சுதாம்மா. மைக்கு பதிலா நூலு, அவ்ளோதான். அடுத்த வாரம் எல்லாரும் அவங்கவங்க வூட்ல இருக்கற படத்தப் பலகைல வரஞ்சிகினு வாங்க."

இங்கேதான் தப்பு. சார் கண்ணமங்கலத்துக்காரர், நிலத்தில் உழுத குடும்பம். நெசவுத் தெருவில் பக்கத்து வீட்டுக்காரி உறை மோர் கேட்டு வாசலில் நின்றாலே புது டிசைன் அட்டைமேல் போர்வை விழும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு உலை பொங்கிக்கொண்டிருந்தது, சொல்லவில்லை.

மற்ற பெண்கள் பூ, குடம், உதயசூரியன் என்று ஏதோ வரைந்து வந்தார்கள். லாவண்யா ஒரு மயில் வரைந்திருந்தாள். கழுத்தைப் பின்னால் திருப்பித் தன் தோகையைத் தானே கோதிக்கொள்ளும் மயில். காலடியில் இரண்டு பக்கமும் கொடி ஓடும். அவள் அப்பா எட்டு மாதமாகக் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக அடைத்து, அழித்து, மறுபடி அடைத்துச் செய்த பார்டர் அது. அட்டையும் தயாராகிவிட்டது. தறியில் ஏற்றிய பழைய பாவு நூல் இன்னும் மூன்று சேலைக்கு மிச்சமிருந்ததால் புதுசை ஏற்ற முடியாமல் காத்திருந்தார். ஆவணி முகூர்த்தத்துக்கு வேலூர் கடைக்காரரிடம் முதலில் அதைக் காட்டினால் வருஷம் முழுக்க அவருக்கு வேலை. வேறு யாராவது முந்திவிட்டால் எட்டு மாதமும் தண்ணீரில் போட்ட கோலம்.

பெண் குடைக்கம்பியால் அழகாகத்தான் செதுக்கினாள். கடைசியில் கை வழுக்கி மயிலின் ஒரு கால் பெயர்ந்து போய்விட்டது. ஓவென்று அழுதாள். "செதுக்கினது செதுக்கினதுதான்மா. திரும்ப ஒட்டாது. அந்த எடம் வெள்ளையா கெடக்கட்டும், அதுவும் ஒரு அழகு" என்றார் சார். என் ஆப்பையை வாங்கி, மை தடவிய பலகையின் மேல் காகிதத்தைப் போட்டு, ஆப்பையின் முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். வகுப்பில் ஆளுக்கு ஒன்று, முப்பத்திரண்டு மயில். ஹெட்மிஸ்ட்ரஸ் முப்பத்தொன்று என்பார். முப்பத்திரண்டு தட்டு வைத்தவள் நான்.

அச்சில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் நம்பர் போட வேண்டும். மேலே இது எத்தனையாவது, நடுவில் ஒரு கோடு, கீழே மொத்தம் எத்தனை. அந்த மொத்தம் முடிந்ததும் பலகையை ஒழித்துவிட வேண்டும். அப்புறம் ஒன்றுகூட அடிக்கக் கூடாது. சார் காதுப் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டு, எந்த நம்பர் எந்தப் பெண்ணுக்கு என்று நோட்டில் எழுதி, வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கொடுத்தனுப்பினார். முப்பத்திரண்டு வீட்டில் இருபதுக்கு மேல் தறி வீடு.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை, லாவண்யா சொன்னாள். அப்பாவிடம் தன் தாளை நீட்டியிருக்கிறாள். "நல்லாகீதே, யார் போட்டது?" என்று கேட்டிருக்கிறார். பலகையில் எந்தப் பக்கம் பார்த்ததோ, அச்சில் அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கும். தன் மயிலை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. மை காய்ந்துவிட்டதா என்று கூரைக் கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் தாளைத் திருப்பிப் பிடித்தாராம். முதுகுப் பக்கமாகப் பார்த்ததும்தான் அது தன் மயில் என்று தெரிந்ததாம்.

"யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன் இல்ல?"

"நான் யார்கிட்டயும் சொல்லலப்பா. செதுக்கினேன்."

திங்கட்கிழமை காலையில் தனசேகரன் வந்தபோது சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார். நேராக டிராயிங் ரூமுக்குள் வந்து நின்றார்.

"ஏன் சார், ஒங்களுக்கு நான் இன்னா பண்ணேன்? எங்கூட்ட சோத்துப் பானையக் கவுத்துட்டீங்களே!"

சாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மையில்லாத பலகை மாதிரி முகம் வெளுத்துவிட்டது. "நம்பர் போட்டுக் குடுத்துகீறேன்ங்க. ஒண்ணு விடாம வாங்கிடலாம். நாளைக்குள்ள முப்பத்திரண்டும் ஒங்க கைல."

"தெருவுல சுத்திட்டு வந்த மயிலுக்கு நம்பர் பாத்து இன்னா சார் பண்றது?"

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்துவிட்டார். "டிராயிங்கால ஒரு வெவகாரம் வரும்னு நான் கனவுலகூட நெனைக்கல சார். தெள்ளார் பக்கம் மாத்தல் வாங்கிக் குடுத்துருவாங்க, பாத்துக்குங்க" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம் இருந்தது.

மறுநாள் முப்பத்திரண்டும் வந்து சேர்ந்தன. வந்த கோலத்தைத்தான் சொல்ல வேண்டும். தனசேகரன் பக்கத்தில் நிற்க, சார் ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். பதினொன்றில் நாலு மூலையிலும் குண்டூசி ஓட்டை; கீழே தாள் வைத்துப் படி எடுத்திருக்கிறார்கள். ஐந்தில் மயிலின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு. இரண்டில் மண்ணெண்ணெய் வாசம். தாள் கண்ணாடியாகத் தெரிய எண்ணெய் தடவியிருக்கிறார்கள். ஆறு தறி போட்டிருக்கும் ராஜவேலு வீட்டுத் தாளில் தோகைக்குப் பக்கத்தில் எந்த இடத்துக்கு எந்த நிற நூல் என்று குறிப்பே இருந்தது.

தனசேகரன் அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சார் மண்டி போட்டு ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தார். அவரை நான் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன், ஆகவே சொல்கிறேன்: அந்த முகத்தில் துக்கம் இருந்தது, நிஜம்தான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவர் வகுப்பிலிருந்து வீட்டுக்குப் போன எந்தப் படத்தையும் அதுவரை ஒரு மனுஷனும் இரண்டாவது தடவை பார்த்ததில்லை. இதை ஊரே குண்டூசி குத்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறது. "எவ்ளோ கவனமா பாத்துகிறாங்க..." என்று முனகினார். தனசேகரன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

தனசேகரன் கேட்டபடி முப்பத்திரண்டு தாளையும் என் அடுப்பில் போட்டோம். அன்றைய குழம்பு மயிலில் வெந்தது. பலகையை மட்டும் சார் அடுப்பில் போடவில்லை. ஆணியால் மயிலின் குறுக்கே இரண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி கீறினார். "கீறிட்டா செத்த மாதிரிங்க. இனிமே இதுல அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தார். மாற்றல் வரவில்லை. தனசேகரன் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் டிசைன் என்னவென்று எழுத வேண்டும் அல்லவா?

அதற்கப்புறம் ஒரு வேடிக்கை. பிள்ளை எந்த வகுப்பு என்றே தெரியாத அப்பன்மார்கள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நின்று, "சார், அடுத்த வாரம் இன்னா படம்?" என்று விசாரித்தார்கள். டிராயிங் நோட்டை வாரத்துக்கு ஒருமுறை வீட்டில் வாங்கிப் பார்த்தார்கள். கணக்கு டீச்சர் அந்தப் பீரியடைக் கேட்டபோது பெற்றோரே வந்து கூடாது என்றார்கள். சுப்பராயலு சாருக்கு வகுப்பு முழுசாகக் கிடைத்தது. அவர் அதன்பிறகு வெண்டைக்காய்ப் பூவைத் தவிர வேறொன்றும் அடிக்கவிடவில்லை.

ஆடி கடைசியில் மயில் கடைக்கு வந்தது. ராஜவேலு வீட்டுத் தறியிலிருந்தும் இன்னும் ஆறு வீட்டுத் தறியிலிருந்தும் வந்தது. ஏழு வீட்டு மயிலுக்கும் ஒரே கால்! குண்டூசி குத்தி, கட்டம் போட்டு, எண்ணெய் தடவிப் படி எடுத்த புத்திசாலிகளில் ஒருவருக்கும் அந்தக் கால் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. கை வழுக்கிப் பெயர்ந்த இடத்தைச் சுத்தப் பட்டில், சரிகையில், ஒரு நூல் பிசகாமல் நெய்திருந்தார்கள். கடைக்காரர் கெட்டிக்காரர். முருகனை நினைத்து ஒற்றைக்காலில் தவம் நிற்கும் மயில் என்று சொல்லி விற்றார். கல்யாண வீடுகளில் தவ மயில் பார்டர்தான் வேண்டும் என்று பெண்கள் அடம் பிடித்தார்கள். படம் நடந்து போக வேண்டும் என்று சார் சொல்வாரே, ஒரு காலோடு அது போளூர், சேத்துப்பட்டு, வேலூர் எல்லாம் நடந்துவிட்டது.

தனசேகரன் பழைய பாவு முடித்து, தன் மயிலை ஏற்றி, முதல் சேலையை எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் பார்டரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "நெசவு பிரமாதம்பா. ஆனா ரெண்டு கால் வெச்சி தவத்தக் கலச்சிட்டியே! ஒரிஜினல் மாதிரி போட்டுகினு வா."

அன்று நேராக அவர் வந்த இடம் என் சமையல் கொட்டகை. சார் அப்போதுதான் கரண்டியால் சாப்பிட்டு முடித்திருந்தார். தனசேகரன் கையில் சுருட்டிய கட்டத் தாள்.

"சார், எந்தக் காலு போச்சு, கொடி எங்க முட்டுது, ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. ராஜவேலு வாசல்ல போயி என் மயில நானே பாத்துட்டு வரணுமா? ஒரே ஒண்ணு அடிச்சிக் குடுங்க."

"கீறின பலகைங்க. அடிக்கக் கூடாதுங்க."

"என் மயிலு சார்."

சார் எழுந்துபோய் மூட்டைக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்து, நூலாம்படையைத் துடைத்து, மை தடவினார். நான் கேட்காமலே ஆப்பையைக் கொடுத்தேன். தேய்த்து எடுத்தார். மயில் வந்தது, குறுக்கே இரண்டு வெள்ளைக் கீறலோடு, ஒற்றைக்காலில். தனசேகரன் அதை ஈரத்தோடு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"இருங்க. நம்பர் போடாம வெளிய போவக் கூடாது" என்றார் சார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். தாளின் மேல் குனிந்தவர் எழுதாமல் நிமிர்ந்து, பென்சிலை அவர் பக்கம் நீட்டினார். "நீங்க போடுங்க."

தனசேகரன் யோசித்தார். மகளின் தாளில் பார்த்த ஞாபகம் போலிருக்கிறது. ஓரத்தில் ஒன்று என்று போட்டு, அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு நிறுத்தினார். "கீழ எத்தினி போடணும் சார்?"

சார் மை காயாத அந்தப் பலகையை எடுத்துக் குனிந்து, உலை கொதித்துக்கொண்டிருந்த என் அடுப்பின் வாய்க்குள் தள்ளினார்.